எண்ணெய் குடிக்கும் என்ஜின்! புல் ஆற்றில் ஓடும் விசிறிப் படகுக்கு வைத்தியம்

தண்ணீர் முழங்கால் அளவுதான். அதற்கு மேலே ஆள் உயரத்துக்குப் புல். அந்தப் புல்லுக்குள் படகு போகுமா?

போகும். மணிக்கு 40 மைல் வேகத்தில்கூடப் போகும்!

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் புளோரிடா மாகாணம் இருக்கிறது. அதன் தெற்குப் பகுதியில் "எவர்கிளேட்ஸ்" என்ற பெரிய சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது. ஓக்கிசோபி என்ற ஏரியில் இருந்து தெற்கே கடல் வரை, தண்ணீர் மெல்ல மெல்ல நகர்ந்து போகிறது. ஆறு என்றால் இரு கரை உண்டு. இதற்குக் கரை கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் புல்லும் தண்ணீரும்தான். 1947-ம் ஆண்டு மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் என்ற பெண் எழுத்தாளர் இதற்குப் "புல் ஆறு" என்று பெயர் வைத்தார். அதே ஆண்டில் இதன் ஒரு பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று.

அங்கே முளைத்திருப்பது சாதாரணப் புல் அல்ல. அதன் ஓரம் ரம்பம் போல் இருக்கும். கையை வைத்தால் கிழித்துவிடும். தண்ணீருக்குள் முதலைகள் வேறு!

இந்த இடத்தில் சாதாரண மோட்டார் படகு பயன்படாது. அதன் விசிறி தண்ணீருக்குள் சுழல்வது. நாலு அடி போவதற்குள் புல் சுற்றிக்கொள்ளும். படகு நின்றுவிடும்.

அதற்காகப் பிறந்ததுதான் "ஏர் போட்" என்ற விசிறிப் படகு.

விசிறி மேலே இருக்கிறது

விசிறிப் படகின் அடிப்பாகம் தட்டை. தாம்பாளத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டது போல் இருக்கும். பின்பக்கம் உயரமான இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் மேல் என்ஜின். என்ஜினுக்குப் பின்னால் ஒரு பெரிய விசிறி. விசிறியைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. என்ஜினுக்கு முன்னால் உயரத்தில் ஓட்டுபவரின் ஆசனம். புல்லுக்கு மேலே தலை தெரிந்தால்தானே வழி தெரியும்!

விசிறி காற்றைப் பின்னால் தள்ளுகிறது. படகு முன்னால் பாய்கிறது. தண்ணீருக்குள் சுழலும் பாகம் ஒன்றுமே இல்லை. அதனால் புல் சுற்றாது. விசிறிக்குப் பின்னால் கதவு போன்ற பலகைகள் உண்டு. அவற்றைத் திருப்பினால் படகு திரும்பும். இந்தப் படகுக்கு "பிரேக்" கிடையாது. சாதாரணமாகப் பின்னால் போகவும் முடியாது.

இந்த யோசனை பழையது. டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவருடைய குழுவினரும் 1905-ம் ஆண்டு கனடா நாட்டில் இப்படி ஒரு படகைச் செய்து பார்த்தார்கள். பார்க்க அழகாக இல்லை போலும்! "அவலட்சண வாத்துக் குஞ்சு" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு புளோரிடாவில் தவளை பிடிப்பவர்களும் வேட்டைக்காரர்களும் பழைய விமான என்ஜின்களை வாங்கி, படகில் பூட்டி, புல் ஆற்றில் ஓட்டத் தொடங்கினார்கள்.

நள்ளிரவில் வந்த படகு

இந்தப் படகு விளையாட்டுச் சாமான் அல்ல. அதனால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு.

1972-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி. நியூயார்க்கில் இருந்து மியாமி நகருக்கு 176 பேருடன் ஒரு பெரிய ஜெட் விமானம் வந்துகொண்டிருந்தது. முன் சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் சிறிய விளக்கு எரியவில்லை. விமானிகள் அதைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். விமானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவதை அவர்கள் கவனிக்கவில்லை. நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து நொறுங்கியது. 101 பேர் இறந்தார்கள்.

அந்த இரவில் ராபர்ட் மார்க்கிஸ் என்பவர் விசிறிப் படகில் தவளை பிடித்துக்கொண்டிருந்தார். தொலைவில் நெருப்பு எழுவதைக் கண்டார். உடனே படகைத் திருப்பினார். முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். தண்ணீர் முழுவதும் விமான எரிபொருள். அதில் இறங்கி, முகம் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தவர்களை நிமிர்த்தினார். அவர் உடம்பு எரிபொருளால் வெந்தது. பிறகு வந்த ஹெலிகாப்டர்களுக்குத் தன் விளக்கைக் காட்டி வழி சொன்னார். 75 பேர் பிழைத்தார்கள்.

அந்த இடத்துக்கு ரோடு கிடையாது. கார் போகாது. சாதாரணப் படகும் போகாது. விசிறிப் படகு ஒன்றுதான் போயிற்று.

2005-ம் ஆண்டு "கத்ரீனா" புயல் அடித்து நியூ ஆர்லியன்ஸ் நகரம் வெள்ளத்தில் மிதந்தபோதும் இந்தப் படகுகள் தெருத் தெருவாகப் போய் மக்களை மீட்டன.

எனவே, விசிறிப் படகின் என்ஜின் நம்பத் தகுந்ததாக இருக்க வேண்டும். நடுச் சதுப்பில் நின்றுபோனால் ஓட்டுபவரின் கதி என்ன? இறங்கி நடக்க முடியுமா? சேற்றில் கால் புதையும். புல் கிழிக்கும். முதலை காத்திருக்கும்.

என்ஜின் நிற்பதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. அவற்றில் பல நாள் முன்பே எச்சரிக்கை கொடுக்கும் நோய் ஒன்று உண்டு. என்ஜின் அளவுக்கு மீறி எண்ணெய் குடிப்பதுதான் அது.

வானத்து என்ஜின்

இன்று பல விசிறிப் படகுகளில் கார் என்ஜின் பூட்டுகிறார்கள். ஆனாலும் விமான என்ஜினை விரும்புகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அது எடை குறைவானது. தண்ணீர்த் தொட்டி வேண்டாம். காற்றே அதைக் குளிர வைக்கிறது. விசிறியை நேராக அதன் அச்சிலேயே மாட்டிவிடலாம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் உள்ள "லைகாமிங்" கம்பெனியின் என்ஜின்கள் இதில் பெயர் பெற்றவை. நாலு சிலிண்டர் என்ஜின் ஒன்று 180 குதிரை சக்தி கொடுக்கும். ஆறு சிலிண்டர் என்ஜின் 250 குதிரை சக்தி அளவுக்குக் கொடுக்கும். சிலிண்டர்கள் நிற்பதில்லை, இடமும் வலமுமாகப் படுத்திருக்கும்.

படகுக்கு வருவது பெரும்பாலும் புது என்ஜின் அல்ல. விமானத்தில் பல ஆண்டுகள் உழைத்தது. அல்லது விமானம் தரை தட்டியதால் கழற்றப்பட்டது. ஆகவே, படகில் ஏறும்போதே அதற்குப் பழைய நோய்கள் இருக்கலாம்.

என்ஜினுக்கு எண்ணெய் ஏன் வேண்டும்? வண்டிச் சக்கரத்துக்கு மை போடுவது எதற்கு? உராய்வு குறைவதற்கு. என்ஜினிலும் அதேதான். அத்துடன் இன்னும் மூன்று வேலைகளை எண்ணெய் செய்கிறது. சூட்டைத் தாங்கி வெளியே கொண்டுவருகிறது. அழுக்கைச் சுமந்து வருகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள சந்தை அடைக்கிறது. எண்ணெய் தீர்ந்தால் சில நிமிடங்களில் இரும்போடு இரும்பு ஒட்டிக்கொள்ளும். என்ஜின் செத்துப்போகும்.

எவ்வளவு குடித்தால் நோய்?

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். விமான என்ஜின் எண்ணெய் குடிப்பது இயல்பு. நல்ல நிலையில் உள்ள கார் என்ஜின், ஒரு முறை ஊற்றிய எண்ணெயில் ஆயிரக்கணக்கான மைல் ஓடும். விமான என்ஜின் அப்படி அல்ல. அதன் பிஸ்டன் பெரியது. ஐந்து அங்குலத்துக்கு மேல் குறுக்களவு. காற்றினால் மட்டும் குளிர்வதால் அது சூட்டில் நன்றாக விரியும். விரிவதற்கு இடம் விட்டு, கொஞ்சம் தளர்வாகவே செய்திருக்கிறார்கள். அந்தச் சந்து வழியே சிறிது எண்ணெய் மேலே ஏறி எரியத்தான் செய்யும்.

அமெரிக்காவில் எண்ணெயைக் "குவார்ட்" கணக்கில் அளப்பார்கள். ஒரு குவார்ட் என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர். நல்ல என்ஜின் ஒரு குவார்ட் எண்ணெயில் எட்டு, பத்து மணி நேரம் ஓடும். லைகாமிங் கம்பெனி உச்ச வரம்புக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதன்படி 180 குதிரை சக்தி என்ஜின், முழு சக்தியில் ஓடும்போது, மணிக்கு 0.58 குவார்ட் வரை குடிக்கலாம். அதாவது அரை லிட்டருக்குச் சற்று அதிகம். அதற்கு மேல் போனால் நோய்தான்.

ஆனால், அந்த எண்ணைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அது மாறுதல். பத்து மணிக்கு ஒரு குவார்ட் குடித்த என்ஜின், அடுத்த மாதம் ஐந்து மணிக்கு ஒரு குவார்ட் குடிக்கிறது. அதற்கடுத்த மாதம் இரண்டு மணிக்கு ஒரு குவார்ட் குடிக்கிறது. உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டு வருகிறது என்று பொருள்.

முதல் மருந்து: நோட்டுப் புத்தகம்

"என் என்ஜின் எண்ணெயை விழுங்குகிறது" என்று ஒருவர் படகை இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுபவம் உள்ள மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டார்.

"எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு?" என்று கேட்பார்.

"அடிக்கடி ஊற்றுகிறேன்."

"எழுதி வைத்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"முதலில் எழுதுங்கள். பிறகு வாருங்கள்."

இது கேலி அல்ல. எண்ணெய் அளவைப் பார்க்கும் கம்பி பல தடவை பொய் சொல்லும். படகு தண்ணீரில் மிதக்கும்போது ஒரு சாய்வு. டிரெய்லர் வண்டியில் ஏற்றி வைத்தால் வேறு சாய்வு. காலையில் இங்கே பார்த்து மாலையில் அங்கே பார்த்தால், குறையாத எண்ணெயும் குறைந்ததாகத் தெரியும். விமானத்துக்காகக் கோடு போட்ட கம்பி, படகில் என்ஜின் வேறு சாய்வில் உட்கார்ந்தால் சரியான அளவைக் காட்டாது. என்ஜினை நிறுத்தியவுடன் பார்த்தாலும் தப்பு. மேலே ஒட்டிய எண்ணெய் கீழே வடிய நேரம் வேண்டும்.

ஆகவே ஒரே இடம், ஒரே சாய்வு, நிறுத்திய பின் ஒரே கால அளவு. இப்படிப் பார்த்துத் தேதியையும், ஓடிய மணியையும், ஊற்றிய அளவையும் எழுத வேண்டும். பாதிப் பேருடைய சந்தேகத்துக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும்.

நிறைய ஊற்றினால் நிறையப் போகும்!

இரண்டாவது சோதனைக்கும் செலவு இல்லை. குறைவாக ஊற்றிப் பார்ப்பதுதான் அது!

நாலு சிலிண்டர் என்ஜினின் எண்ணெய்த் தொட்டி எட்டு குவார்ட் கொள்ளும். எட்டும் நிரப்பினால், பல என்ஜின்கள் மேல் இரண்டு குவார்ட்டைச் சீக்கிரமே வெளியே துப்பிவிடும். ஆறு குவார்ட்டுக்கு வந்த பிறகு அப்படியே நிற்கும். இதை அறியாதவர்கள், குறைந்ததும் மறுபடி எட்டுக்கு நிரப்புவார்கள். என்ஜின் மறுபடி துப்பும். "குடிக்கிறதே, குடிக்கிறதே" என்று இவர்கள் புலம்புவார்கள்.

ஆறு குவார்ட்டில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் கம்பெனி சொன்ன குறைந்த அளவுக்குக் கீழே மட்டும் போகவே கூடாது.

துப்புவது எந்த வழியாக? என்ஜினுக்கு ஒரு மூச்சுக் குழாய் உண்டு. உள்ளே சேரும் ஆவியும் அழுத்தமும் அதன் வழியே வெளியேறும். அந்தக் குழாயின் வாய் விசிறியின் இழுப்பில் மாட்டிக்கொண்டால், காற்று எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். படகுக்காக என்ஜினை மாற்றிப் பூட்டும்போது, இந்தக் குழாயைக் கண்ட இடத்தில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

சந்தேகம் இருந்தால் குழாயின் வாயில் ஒரு டப்பாவைத் தொங்கவிட்டு ஓட்டலாம். டப்பாவில் எவ்வளவு சேர்ந்தது என்று அளக்கலாம். டப்பாவின் வாயை மட்டும் அடைத்துவிடக் கூடாது. மூச்சு அடைபட்டால் அழுத்தம் ஏறி, முன்பக்க "ஆயில் சீல்" பிதுங்கி வெளியே வந்துவிடும்.

சிந்துகிறதா, எரிகிறதா?

எண்ணெய் போவதற்கு இரண்டே வழிதான். ஒன்று, வெளியே சிந்த வேண்டும். இல்லாவிட்டால், உள்ளே எரிய வேண்டும். மூச்சுக் குழாய் வழியாகப் போவதும் வெளியே போவதுதான்.

சிந்துவதைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று தோன்றும். விசிறிப் படகில் சுலபம் அல்ல. விசிறி இழுக்கும் காற்று ஒரு துளி எண்ணெயை என்ஜின் முழுவதும் பூசிவிடும். கசிவது ஒரு மூலையில்; ஈரம் தெரிவது இன்னொரு மூலையில்.

இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. என்ஜினைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். காய்ந்த பிறகு, குழந்தைக்குப் போடுகிறோமே, அந்த முகப் பவுடரைச் சந்தேகமான இடங்களில் தூவ வேண்டும். சிறிது நேரம் ஓட்டி நிறுத்தினால், வெள்ளைப் பவுடரில் எண்ணெய் கோடு போட்டிருக்கும். கோடு தொடங்கும் இடம்தான் கசிவின் ஊற்று. சிலிண்டரின் தலை மூடி, அதற்குப் போகும் கம்பிக் குழல்களின் ரப்பர் வளையம், விசிறி அச்சின் "சீல்", எண்ணெயைக் குளிர வைக்கும் பெட்டிக்குப் போகும் ரப்பர் குழாய் ஆகிய இடங்களில் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சில்லறைச் செலவில் தீர்ந்துவிடும்.

கசிவே இல்லை, மூச்சுக் குழாயும் சரி என்றால், எண்ணெய் உள்ளே எரிகிறது.

பிளக் சொல்லும் ரகசியம்

கார் என்ஜின் எண்ணெயை எரித்தால் நீலப் புகை காட்டிக்கொடுக்கும். விசிறிப் படகில் அந்த உதவியும் இல்லை. ஓட்டுபவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். புகை பின்னால் போகிறது. விசிறி அதைக் கணத்தில் சிதறடித்துவிடுகிறது. கரையில் நிற்பவர் கண்ணில் பட்டால்தான் உண்டு.

ஆகவே, "ஸ்பார்க் பிளக்"கைக் கேட்க வேண்டும். விமான என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் கழற்றி, எந்தச் சிலிண்டருடையது என்று எண் போட்டு வரிசையாக வைக்க வேண்டும்.

கீழ்ப் பிளக்கில் கொஞ்சம் எண்ணெய் இருந்தால் பயப்பட வேண்டாம். படுத்திருக்கும் சிலிண்டரில் எண்ணெய் கீழேதானே இறங்கும்? மேல் பிளக்கும் கறுத்து, எண்ணெயில் நனைந்திருந்தால், அந்தச் சிலிண்டர்தான் குற்றவாளி. எல்லாப் பிளக்கும் உலர்ந்து, ஒன்று மட்டும் நனைந்திருக்கிறதா? ஒரு சிலிண்டரோடு வேலை முடியும். எல்லாமே நனைந்திருக்கின்றனவா? நோய் பொதுவானது.

காற்றை அடைத்துக் காது கொடுத்தல்

அடுத்தது காற்றுச் சோதனை. பிளக் துவாரத்தின் வழியே சிலிண்டருக்குள் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்துவார்கள். உள்ளே எவ்வளவு தங்குகிறது என்பதை இன்னொரு மீட்டர் காட்டும். 80-க்கு 75 என்றால் நல்ல ஆரோக்கியம். 60-க்குக் கீழே போனால் அந்தச் சிலிண்டரைக் கழற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

எண்ணைவிடக் காது முக்கியம். "உஸ்" என்ற சத்தம் எங்கே கேட்கிறது? புகைக் குழாயில் கேட்டால், புகை வெளியேறும் வால்வு சரியாக மூடவில்லை. கார்புரேட்டர் பக்கம் கேட்டால், உள்ளே இழுக்கும் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால், பிஸ்டன் வளையங்கள்.

இதைத் தனி ஆளாகச் செய்யக் கூடாது. ஐந்து அங்குலப் பிஸ்டன் மேல் அந்தக் காற்று 1,600 பவுண்டுக்கு மேல் பாரமாக அழுத்தும். பிஸ்டன் சரியாக உச்சியில் நிற்காவிட்டால், விசிறி திடீரென்று சுழன்று கையை முறித்துவிடும். ஒருவர் விசிறியைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். காற்றுச் சோதனையில் 80-க்கு 76 வருகிறது. "வளையம் நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டுகிறார்கள். ஆனால், எண்ணெய் மட்டும் குறைந்துகொண்டே இருக்கிறது!

காரணம் என்ன? பிஸ்டனில் ஒரே வேலை செய்யும் வளையங்கள் இல்லை. மேலே உள்ள இரண்டும் காற்றைத் தடுப்பவை. கீழே உள்ளது எண்ணெயை வழித்து இறக்குவது. அதில் சிறு துவாரங்கள் உண்டு. அவை கரி பிடித்து அடைத்துக்கொண்டால் எண்ணெய் மேலே ஏறும். காற்று மட்டும் தங்கும். மேல் வளையங்களுக்கு நற்சாட்சி கொடுத்த சோதனை, கீழ் வளையத்தைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

வால்வின் ஆட்டம்

எண்ணெய் உள்ளே இறங்க இன்னொரு வழி வால்வின் தண்டு. வால்வு மேலும் கீழும் போக ஒரு குழல் இருக்கிறது. அதற்கு "வால்வு கைடு" என்று பெயர். அது தேய்ந்தால் தண்டைச் சுற்றிச் சந்து விழும். சந்து வழியே எண்ணெய் இறங்கும்.

என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பிறகு சட்டென்று முடுக்கும்போது ஒரு கொத்துப் புகை வந்தால், வால்வு கைடைச் சந்தேகிக்கலாம். முழு சக்தியில் தொடர்ந்து புகை வந்தால் வளையத்தைச் சந்தேகிக்கலாம். வால்வின் தண்டைப் பிடித்து ஆட்டி, எவ்வளவு ஆடுகிறது என்று மீட்டர் வைத்து அளக்கும் முறையும் உண்டு. சிலிண்டரைக் கழற்றாமலே அதைச் செய்துவிடலாம்.

வளையம் ஏன் கெடுகிறது?

முதல் காரணம் வேடிக்கையானது. அதிகமான அன்பு!

புதுச் சிலிண்டரின் உட்சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் போட்டிருப்பார்கள். முதல் சில மணி நேரங்களில் வளையம் அந்தக் கோடுகளின் மேல் அழுந்தித் தேய்ந்து, சுவரோடு பொருந்த வேண்டும். அப்படி அழுந்த வேண்டுமானால் என்ஜின் நல்ல சக்தியில் ஓட வேண்டும். "புது என்ஜின் ஆயிற்றே" என்று பொத்திப் பொத்தி மெதுவாக ஓட்டினால், வளையம் அழுந்தாது. எண்ணெய் சூட்டில் காய்ந்து, சுவரில் வார்னிஷ் போல் படிந்துவிடும். கோடுகள் மூடிப்போகும். பிறகு எத்தனை மணி ஓட்டினாலும் பொருந்தாது. சிலிண்டரைக் கழற்றி, மறுபடி கோடு போட வேண்டியதுதான்.

அதற்காகக் கரையில் கட்டிப் போட்டு முழு வேகத்தில் ஓட்டவும் கூடாது. விமானம் பறக்கும்போது காற்று தானாக வந்து சிலிண்டர்கள் மேல் அடிக்கும். கட்டிய படகில் விசிறி இழுக்கும் காற்று மட்டும்தான். சூடு ஏறிவிடும். திறந்த தண்ணீரில் ஓடவிட வேண்டும். புதுச் சிலிண்டருக்கு முதலில் கலப்பு இல்லாத தனி எண்ணெய் ஊற்றி, 50 மணி நேரம் வரை, அல்லது எண்ணெய்க் கணக்கு ஒரே நிலைக்கு வரும் வரை ஓட்டுவது வழக்கம்.

இரண்டாவது காரணம் துரு. சதுப்பு நிலத்தில் காற்றெல்லாம் ஈரம். மாதக் கணக்கில் சும்மா நிற்கும் என்ஜினின் சிலிண்டர் சுவரில் துருப் புள்ளிகள் விழும். அடுத்த முறை ஓட்டும்போது அந்தத் துரு அரம் போல் வளையத்தை அராவும்.

"வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓட்டி வைக்கிறேனே" என்பார்கள் சிலர். அது இன்னும் கெடுதல். பெட்ரோல் எரியும்போது தண்ணீர் ஆவியும் பிறக்கிறது. எண்ணெய் 180 டிகிரி பாரன்ஹீட், அதாவது 82 டிகிரி சென்டிகிரேட் அளவுக்குச் சுட்டால்தான் அந்தத் தண்ணீர் போகும். ஐந்து நிமிடத்தில் அவ்வளவு சூடு ஏறாது. தண்ணீர் உள்ளேயே தங்கும்.

மூன்றாவது காரணம் தூசி. புல் விதை, மகரந்தம், மணல் எல்லாவற்றையும் வாரி இறைத்துக்கொண்டு போகும் படகு இது. காற்று வடிகட்டி கிழிந்திருந்தால் அவ்வளவும் சிலிண்டருக்குள் போகும்.

எண்ணெய்க்கு ரத்தப் பரிசோதனை

மனிதனின் ரத்தத்தைச் சோதிப்பது போல, பழைய எண்ணெயில் கொஞ்சம் எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பலாம். அதில் இரும்பு அதிகம் என்றால், சிலிண்டர் சுவர் தேய்கிறது அல்லது துருப் பிடித்திருக்கிறது. அலுமினியம் அதிகம் என்றால், பிஸ்டன். குரோமியம் என்றால், வளையம் அல்லது குரோமியம் பூசிய சிலிண்டர். சிலிக்கன் என்றால், மணலும் தூசியும். ஒரு தடவை பார்த்தால் போதாது. தொடர்ந்து பார்த்து ஒப்பிட வேண்டும்.

பழைய எண்ணெய் வடிகட்டியை வெட்டி விரித்தும் பார்க்கலாம். பளபளக்கும் உலோகத் துகள் கிடந்தால், படகைத் தண்ணீரில் இறக்கவே கூடாது.

இப்போது பென்சில் பருமனில் சிறு காமிரா வந்திருக்கிறது. பிளக் துவாரத்தின் வழியே உள்ளே விட்டால் சிலிண்டர் சுவர் தெரியும். குறுக்குக் கோடுகள் இருக்கின்றனவா, வார்னிஷ் மூடிவிட்டதா, துருப் புள்ளி உண்டா என்று கண்ணாலேயே காணலாம். பிஸ்டன் தலை முழுவதும் கரி படிந்திருக்க, ஓரம் மட்டும் கழுவிவிட்டது போல் ஈரமாகப் பளிச்சென்று இருந்தால், அந்த வழியாகத்தான் எண்ணெய் ஏறுகிறது.

அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள்!

எண்ணெய் குறைகிறது என்றதும் ஆறு சிலிண்டர்களையும் கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு. பணம் போவது மட்டும் அல்ல; ஆபத்தும் உண்டு. சிலிண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் சில, என்ஜினின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. திரும்பப் பூட்டும்போது முறுக்கு சரியாக இல்லாவிட்டால், உள்ளே பெரிய அச்சைத் தாங்கும் பேரிங் நகர்ந்துவிடும். எண்ணெய் குடித்த என்ஜின், அதன் பிறகு ஓடாத என்ஜின் ஆகிவிடும்!

ஆகவே, வைத்தியத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கணக்கு. பிறகு அளவைக் குறைத்து ஊற்றுதல். பிறகு மூச்சுக் குழாய். பிறகு கசிவு. பிறகு பிளக். பிறகு காற்றுச் சோதனை, வால்வு ஆட்டம், காமிரா, எண்ணெய்ச் சோதனை. எல்லாம் ஒரே சிலிண்டரைக் காட்டினால், அந்த ஒன்றை மட்டும் கழற்றினால் போதும். முதல் நாலு சோதனைக்கும் ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், ஒரு டப்பா, கொஞ்சம் பவுடர்!

மெக்கானிக்குகள் சொல்லும் இன்னொரு விதியும் உண்டு. நோய் கண்டுபிடிக்கப்படும் வரை படகைத் தூரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. எட்டு குவார்ட் தொட்டியில் ஆறு வைத்து, மணிக்கு ஒரு குவார்ட் எரிக்கும் என்ஜினோடு மூன்று மணி நேரம் உள்ளே போய்விட்டால், திரும்பி வரும் வழியில் தொட்டி காலியாகிவிடும். கூடவே இரண்டு டப்பா எண்ணெய் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அது வழியில் உதவும், நோயைத் தீர்க்காது.

ஓட்டுபவர் முன்னால் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் ஒன்று இருக்கிறது. முள் ஆடத் தொடங்கினால் தொட்டியில் எண்ணெய் மிகவும் இறங்கிவிட்டது என்று பொருள். அந்த முள் ஆடும் வரை காத்திருப்பவர், புல் நடுவே உட்கார்ந்து உதவிக்கு வேறொரு விசிறிப் படகை எதிர்பார்க்க வேண்டியதுதான். நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவருக்கு அதே செய்தி ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடும்.